பல்லாவரத்தில் இறங்குகிறவர்களுக்கு ஆறு மணி நேரம் இருக்கிறது

பல்லாவரம், திரிசூலம் வட்டாரத்துத் தொல்லிடங்களைக் காக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கும், விமான நிலையத்தைச் சுற்றி விடுதி நடத்துகிறவர்களுக்கும்,

இந்த மடலைத் துறைவாரியாகப் பிரித்து எழுதவில்லை. ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அது எங்ககிட்ட இல்ல சார், அவங்ககிட்ட கேளுங்க" என்றார்கள். அவர்களிடம் போனேன். இடம் தங்களுடையதுதான், ஆனால் பலகை வைப்பது, பாதை போடுவது எல்லாம் வேறு ஆட்கள் வேலை என்றார்கள். அந்த வேறு ஆட்கள் என்னை மறுபடி முதல் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். அதனால்தான் எல்லோரையும் ஒரே மடலில் உட்கார வைத்து எழுதுகிறேன். யாருடைய வேலை என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்திருக்கிறான் என்பதற்கு முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட கல் கருவி கிடைத்த ஊர் பல்லாவரம். சென்னை விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம். டிக்கெட் எடுக்கிற நேரம்கூட ஆகாது, ஊர் வந்துவிடும். அதே ஊரில் பெருங்கற்கால ஈமக்காடு, அதாவது பெரிய கற்களை அடுக்கி இறந்தவர்களைப் புதைத்த பழைய இடுகாடு, இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து செய்த குடைவரை இருக்கிறது. ஏறின ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, நான்கு குன்றுகளுக்கு நடுவில், சோழர் கல்வெட்டுகளோடு திரிசூலநாதர் கோயில் இருக்கிறது. ஆனால் அதிகாலை விமானத்தில் வந்து இறங்கி, விடுதியில் அறை கிடைக்க மதியம் ஆகும் என்று தெரிந்து, கையில் ஆறு மணி நேரத்தோடு நிற்கும் ஒருவரால் இவற்றில் ஒன்றையும் ஒழுங்காகக் கண்டுபிடித்துப் பார்க்க முடியாது. என் புகார் இதுதான்.

நான் பக்கத்துப் பம்மலில் வளர்ந்தவன். இப்போது வேலை கோலாலம்பூரில். வீடு விற்றாகிவிட்டது, அதனால் ஊருக்கு வந்தால் லாட்ஜ்தான். சென்ற முறை என்னோடு ஒரு தோழியும் அவர் கணவரும் வந்தார்கள். தோழி ஈப்போவில் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு சொல்லித்தருகிறார். பல்லாவரம் என்ற பெயர் அவருக்கு என்னால் தெரிந்ததல்ல, புத்தகத்தில் படித்துத் தெரிந்துவைத்திருந்தார். விமானம் தரை தொடுவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: "அண்ணா, ரூம் பன்னெண்டு மணிக்குத்தானே? அதுவரைக்கும் அந்த எடத்த பார்த்துட்டு வந்துடலாமா?"

நியாயமான ஆசை. வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்கள் நிறைய நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில் வந்து இறங்குகின்றன. விடுதிகளோ பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று அறை கொடுக்கின்றன. நடுவில் இருக்கும் நேரத்தில் பயணிகள் விமான நிலைய நாற்காலியில் தூங்குகிறார்கள், அல்லது லாட்ஜ் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து போனைத் தேய்க்கிறார்கள். எத்தனையோ ஊர்கள் இந்த நேரத்தைத்தான் தங்கள் பழமையைக் காட்டுவதற்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. ரோமில் ஃபியூமிச்சினோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பழைய ரோமானியத் துறைமுகங்கள் இருக்கின்றன. அறைக்குப் போவதற்கு முன்பு, அவற்றில் ஒன்றான ஓஸ்தியாவின் இடிபாடுகளில் ஒரு காலைப்பொழுது நடந்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே ஏராளம். நம்மிடம் இருப்பது அதைவிடப் பல லட்சம் ஆண்டு பழையது. சரி, பளிங்குத் தூண் இல்லை, அரங்கம் இல்லை. அதனாலேயே நமக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு கூடுதலாக இருக்கிறது. தூண் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். சரளை மண் அப்படிக் காட்டாது.

முதலில் பெட்டி. நாங்கள் முன்பதிவு செய்து, பணமும் கட்டியிருந்த விடுதி அது. பெயர் வேண்டாம். "ரூம் எடுக்காம லக்கேஜ் வைக்க முடியாது சார், ரூல் அப்படி" என்றார் வரவேற்பில் இருந்த பையன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு மேலிடத்து உத்தரவு. சீக்கிரமே அறை வேண்டுமென்றால் பாதி நாள் வாடகை கூடுதலாகக் கொடுக்கலாம் என்றார். சரி, ரயில்வேயில் வைக்கலாம் என்றால் பெட்டி வைக்கும் அறைக்கு எழும்பூர், சென்ட்ரல் மாதிரி பெரிய நிலையத்துக்குத்தான் போக வேண்டும். இந்தச் சின்ன நிறுத்தங்களில் எங்கே வைப்பது? கடைசியில் நாங்கள் இட்லி சாப்பிட்ட கடைக்காரர்தான் கேட்டார்: "பெட்டியெல்லாம் வெச்சிக்கிட்டு எங்க சார் அலையப் போறீங்க? இப்படி உள்ள தள்ளிட்டுப் போங்க." மூன்று பெட்டிகளும் கல்லாவுக்குப் பின்னால் போயின. காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு டிபன் கடையின் தயவில்தான் ஒருவர் இந்தியாவின் மிகப் பழைய வரலாற்றில் ஒரு பக்கத்தைப் பார்க்க முடியும் என்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

அந்தக் கல்லின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் கோப்புகளில் இருக்கலாம், ஆனால் ஊரில் இல்லை.

1863 மே 30. பல்லாவரம் அப்போது ராணுவ முகாம். இன்றைக்கும் ஊரார் அந்தப் பகுதியைக் கண்டோன்மென்ட் என்றுதான் சொல்கிறார்கள். முகாமின் அணிவகுப்பு மைதானத்தில் சரளைக்காக ஒரு சின்னக் குழி வெட்டியிருந்தார்கள். வெட்டி வெளியே கொட்டிய செம்புரைச் சரளையில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ணில் ஒரு கல் பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த, 28 வயது ஆள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கைக்கோடரிகள் (கையில் பிடித்து வெட்டும் கல் கருவிகள்) மனிதன் கை பட்டவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி மனதில் இருந்ததால்தான் பல்லாவரத்துக் கல்லை அவர் தூக்கி எறியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அதே துறையின் வில்லியம் கிங்கோடு சேர்ந்து கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்துக் கருவிகளைக் கண்டுபிடித்தார். அந்த அத்திரம்பாக்கத்தில்தான் பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, அங்கே கருவி செய்தவர்களின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் வரை பின்னால் போகிறது என்று 2011இல் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. அதற்கு முதல் அடி வைக்கப்பட்ட ஊர் பல்லாவரம்.

இந்தக் கதையைத் தோழி சொல்ல, ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். "இவ்ளோ விஷயம் இருக்கா மேடம் எங்க ஊர்ல? ஒருத்தரும் சொல்லலையே" என்றார். எங்களை எங்கே இறக்கிவிடுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. இந்த ஊரில்தான் கிடைத்தது என்று நின்று பார்க்க ஒரு கல், ஒரு கம்பம், ஒரு பலகை எங்கள் கண்ணில் படவில்லை. ராணுவ இடத்துக்குள் நுழைய முடியாது என்பது புரிகிறது. வேலிக்கு வெளியே ஒரு பலகை வைக்க அந்தத் தடை குறுக்கே வராதே.

அடுத்து ஈமக்காடு. இதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

பல்லாவரத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் சும்மா இல்லை. 1880களிலேயே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இங்கே தோண்டி, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையை வெளியே எடுத்தார். ஆதிச்சநல்லூரை அகழ்ந்த அதே ரீதான். இறந்தவரின் எலும்புகளைப் பேழையில் வைத்து, கூடவே பானைகளையும் வைத்துப் புதைத்த மக்கள் இந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த நிலம் இன்று சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. தொல்லிடங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

இந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இல்லாவிட்டால் மிச்சமிருப்பதும் அடுக்குமாடி அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும். ஆனால் அந்த எல்லைக்குள் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது? அங்கே ஒரு பெரியவரிடம் வழி கேட்டோம். "அதுவா? ஒண்ணுமில்லீங்க, வெறும் காலி எடம். அதுக்காக எங்கள மாடி கட்ட விட மாட்டேங்கறாங்க. பையனுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆச்சு, ஒரு ரூம் எடுக்க முடியல" என்றார். அவர் கோபப்படவில்லை, சலித்துப்போயிருந்தார். தடை அவர் வாசல் வரை வந்திருக்கிறது. எதற்காகத் தடை என்ற விளக்கம் மட்டும் வரவேயில்லை. தோழி அவரிடம் ஈமப்பேழையைப் பற்றிச் சொன்னதும், "எங்க வீட்டுக்குப் பக்கத்துலயா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவரே முன்னால் நடந்து வந்து இடத்தைக் காட்டினார்.

பாதுகாக்கப்பட்ட இடங்களில் வைக்கும் பலகையை நாட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கும். எதைச் சேதப்படுத்தக் கூடாது என்பது பல இடங்களில் இருக்காது. கோட்டையோ கோயிலோ என்றால் பரவாயில்லை, பார்த்தாலே தெரியும். மண்ணுக்கடியில் இருக்கும் ஈமக்காட்டுக்கு முன்னால் தண்டனையை மட்டும் எழுதி வைத்தால் அது காலி மனைதான். காலி மனையை ஊர் எப்படி நடத்துமோ அப்படித்தான் நடத்தும். குப்பை விழும், மாடு மேயும், ராத்திரியில் பாட்டில் உடையும்.

குடைவரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சபாண்டவர் மலை என்று ஊரில் சொல்லும் குன்றில் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது. அவனுடைய பட்டப்பெயர்கள் உத்திரத்தில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்கா. பல தலைமுறையாக மக்கள் வந்து வேண்டிக்கொள்ளும் இடம். அது அப்படியே இருக்க வேண்டும், வழிபாட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. அங்கே இருந்தவர்கள் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நான் கேட்பது மலையடிவாரத்தில் ஒரு தகவல் பலகை, அவ்வளவுதான். அதையும் தர்கா நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்லும் இடத்தில், பல்லவன் காலத்தையும் தர்காவின் வரலாற்றையும் சேர்த்தே எழுதி வையுங்கள். மாமல்லபுரத்துக்கு வண்டி வண்டியாக ஆட்களை அனுப்புகிறோம். அந்த மாமல்லனின் அப்பா குடைந்தது விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஒரு வரியாவது சொல்லக் கூடாதா?

இன்னொன்று, இடையில் சொல்லிவிடுகிறேன். இந்தக் குன்றுகளின் பாறையே உலகப் பெயர் பெற்றது. சார்னோக்கைட் என்று நிலவியலில் சொல்லும் பாறையை நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்த வட்டாரத்துக் கல்லைப் பார்த்துத்தான் விவரித்தார். கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த வகை என்பதால் அவர் பெயரையே வைத்தார். பரங்கிமலைப் பக்கம் இதற்குத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற தகுதியும் உண்டு. ஆனால் திரிசூலம், பல்லாவரம் குன்றுகளைப் பெரும்பாலும் நாம் ஜல்லியாக உடைத்துத் தீர்த்துவிட்டோம். மிச்சம் இருப்பவை பெரிய பெரிய கல்குட்டைகள். முதல் கருவியும் சரளைக் குழியிலிருந்துதான் வந்தது, ஊரின் மலையும் சரளையாகத்தான் போனது.

சரி, ஊரில் காட்ட எதுவும் மிச்சமில்லை என்று யாராவது சொன்னால், எழும்பூருக்குப் போகச் சொல்லுங்கள். ஃபூட் சேகரித்தவற்றை 1904இல் அரசு அருங்காட்சியகம் வாங்கியது. அந்தத் தொகுப்பின் பட்டியல்களும் அவர் இறந்த பிறகு 1914இலும் 1916இலும் அச்சாகின. பல்லாவரத்திலிருந்து எழும்பூருக்கு அதே மின்சார ரயில் நேராகப் போகிறது. காலையில் பல்லாவரம், மதியத்துக்குள் எழும்பூர் என்று ஒரு பயணமே இருக்கிறது, யாரும் அதைக் கோத்துக் காட்டவில்லை என்பதுதான் குறை. (வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு சிக்கல்: அன்றுதான் பல்லாவரம் சந்தை, பார்க்க வேண்டிய சந்தை. அன்றே அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. எதை எந்த நாளில் பார்க்கலாம் என்று எழுதிவைக்க ஆள் இருந்தால் இதையும் சேர்த்து எழுதலாம்.)

எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லப்போவது நிதி. நான் கேட்பவற்றில் பெரும்பாலானவை ஒரு வரவேற்பு வளைவின் செலவுக்குள் முடியும்.

விடுதிக்காரர்களுக்கு முதலில். முன்பதிவு செய்து வருகிறவரின் பெட்டியை, அறை தயாராகும் வரை வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் கொடுங்கள், அடையாள அட்டை நகலை வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் சின்னக் கட்டணமும் வாங்குங்கள். முகம் கழுவ ஒரு குளியலறையும் தாருங்கள். வரவேற்பு மேசையில் பக்கத்துத் தொல்லிடங்களின் ஒரு பக்க வரைபடம் இருக்கட்டும். இதனால் உங்கள் சோபாவாவது காலியாகும்.

ரயிலுக்கும் விமானத்துக்கும் பொறுப்பானவர்கள், பல்லாவரத்திலோ திரிசூலத்திலோ கட்டணப் பெட்டி அறை ஒன்றைத் திறக்க வேண்டும். விமான நிலையத்தின் வருகைப் பகுதியிலும் இரண்டு ஸ்டேஷன்களிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரைபடப் பலகை வேண்டும். எங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அழகான வாசகங்கள் வேண்டாம்.

ஈமக்காட்டின் பொறுப்பில் உள்ளவர்களிடம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறேன். தண்டனைப் பலகைக்குப் பக்கத்திலேயே, இந்த மண்ணுக்கடியில் இருப்பது என்ன, யார், எந்தக் காலம், இங்கே என்ன கிடைத்தது என்று படத்தோடு ஒரு விளக்கப் பலகை வையுங்கள். ஈமப்பேழையின் மாதிரி ஒன்றைச் செய்து கூரைக்கடியில் வையுங்கள், நம்மிடம் குயவர்கள் இருக்கிறார்கள். குறித்த நேரத்தில் திறந்து, குறித்த நேரத்தில் மூடுங்கள். எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்களைக் கூட்டி, எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது, பழுதுபார்க்க அனுமதிக்கு எங்கே எழுத வேண்டும் என்று வரைபடத்தை விரித்துத் தமிழில் சொல்லுங்கள். விண்ணப்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் பதில் தாருங்கள். அந்தப் பெரியவர் போன்றவர்கள்தான் அந்த இடத்துக்கு உண்மையான காவல். அவர்களை எதிராளியாக்கிவிட்டு நீங்கள் எந்த வேலியைப் போட்டாலும் நிற்காது.

ஃபூட் கண்ட கல்லுக்கு, முகாம் வேலிக்கு வெளியே, பொதுமக்கள் நின்று படிக்கக்கூடிய இடத்தில் ஒரு நினைவுக் கல் நடுங்கள். தேதி, பெயர், கருவியின் வரைபடம். இது போதும்.

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பதவியையும் அலுவலக முகவரியையும் பொதுவில் அறிவியுங்கள். அறிவித்தால் இந்த மடலின் நகலை வரைபடங்களோடு அவருக்கே அனுப்புகிறேன். அடுத்த கோடை விடுமுறைக்குத் தோழி தன் பள்ளி மாணவர்களை அழைத்து வர விரும்புகிறார். அதற்கு முன்பாக விளக்கப் பலகையும் பெட்டி அறையும் வருமா, வராதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பம்மலில் வளர்ந்த ஒருவன்